சர்க்கரை அவர் வைத்தது, மருந்து நான் வைத்தது

எங்கள் வீட்டுக்கு அந்த எறும்புகள் வந்தது மணல் லாரியில். இதை என் வீட்டுக்காரர் எதிரில் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். செம்பருத்திச் செடி வந்த பையில்தான் வந்தது என்பார். மணலுக்குச் சொன்னது அவர், செம்பருத்தி வாங்கியது நான். எறும்பு எதில் வந்தது என்று இன்றுவரை எங்கள் வீட்டில் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரவில்லை.

மணல் எதற்கென்றால், மகளுக்காக. அவளுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்கவில்லை. மூன்றாவது தடவை டாக்டரம்மா “எல்லாம் நல்லா இருக்கு” என்று சொன்ன பிறகுதான் நாங்கள் மூச்சே விட்டோம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு எங்களிடம் வருவாள். எங்கள் வீட்டில் கழிப்பறை தோட்டத்துக் கோடியில் இருந்தது. நிறைமாதப் பிள்ளைத்தாச்சி மழையில் வழுக்கிக்கொண்டு அங்கே போவதா என்று அறையை ஒட்டியே ஒரு பாத்ரூம் கட்ட ஏற்பாடு செய்தோம். மணல் வந்தது, செங்கல் வந்தது, கொத்தனார் மட்டும் வரவில்லை. போன் செய்தால் “வந்துகினே இருக்கேம்மா” என்பார். ஆர்.கே.பேட்டையில் யார் வீட்டுக்கோ மாடி கட்டிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருந்தார். மணல் குவியல் மதில் ஓரத்தில் மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து கிடந்தது.

எறும்பு எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. வாசலில் அரிசி மாவில் கோலம் போடுகிறவள் நான். அது எறும்புக்கும் சேர்த்துத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். கறுப்பாய், சின்னதாய், பிள்ளையார் எறும்பு என்போமே, அவை வரிசையாய் வந்து மாவைத் தூக்கிக்கொண்டு வரிசையாய்ப் போய்விடும். நல்ல சொந்தக்காரர்கள் மாதிரி, வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடுகிற சாதி.

புதிதாய் வந்தவை அப்படி இல்லை. உடம்பு மஞ்சளா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம். கால் மட்டும் நீளம். வரிசை என்ற பேச்சே கிடையாது. நாலா பக்கமும் தாறுமாறாய் ஓடும், நிற்கும், திரும்பி வந்த வழியே ஓடும். சம்பள நாளில் ஒயின் ஷாப்பிலிருந்து வருகிற ஆள் தோற்றான். முதலில் மணலில் இருந்தன. அப்புறம் செம்பருத்திக்கு ஏறின. அந்தச் செடியின் கொழுந்தெல்லாம் வெள்ளை வெள்ளையாய் மாவுப்பூச்சி பிடித்தது. அந்தப் பூச்சியை இவை கறவை மாடு மாதிரி காவல் காத்து, அது கசியவிடும் தித்திப்பை நக்கின. அப்புறம் ஜன்னல் வழியாய் உள்ளே வந்து, நான் ஜாக்கெட் தைக்கிற மெஷினுக்குள் குடித்தனம் வைத்தன. ஒரு நாள் சுவிட்சைப் போட்டேன், படபடவென்று பொறி பறந்தது. மெஷினின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே கைப்பிடி எறும்பு கருகிக் கிடக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளையார் எறும்புகள் இருந்த இடம் தெரியவில்லை. பாவம், வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனையே வெளியே தள்ளின கதையாகிவிட்டது.

“வித்தவுட் பார்ட்டிங்க,” என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் காலமெல்லாம் டவுன் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் அவருக்கு உலகம் ஒரு பஸ்தான். டிக்கெட் எடுத்தவன், எடுக்காதவன் என்று மனித குலத்தை இரண்டாய்ப் பிரித்து வைத்திருப்பார். வாசலில் காய்கறி வண்டி நின்றால் “ரைட், போலாம்” என்று அவர்தான் அனுப்பி வைப்பார். அப்படிப்பட்டவர் டிக்கெட் இல்லாமல் ஏறிய இத்தனை பேரை இறக்கிவிட வேண்டுமா இல்லையா? அதுதான் இல்லை. நான் மஞ்சள்பொடி தூவினேன், மண்ணெண்ணெய்த் துணி போட்டேன், சாக்பீஸால் வீட்டைச் சுற்றிக் கோடு கிழித்தேன், கொதிக்கிற தண்ணீரைத் தூக்கி ஊற்றினேன். ஐயா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி, “பாவம், வுடும்மே, அதும் பொழைக்க வந்த உசுருதான” என்றார். நாற்காலிக் காலில் ஏறி அவரையே கடித்தாலும் ஊதித்தான் விடுவார். இவருக்கு எப்போது இந்த ஞானம் வந்தது என்று நான் ஆச்சரியப்பட்டேன். சில்லறை இல்லை என்று ஆளைப் பாதி வழியில் இறக்கிவிட்ட மனுஷன் இவர்.

இந்த எறும்பெல்லாம் எனக்கும் தொல்லை என்ற அளவில்தான் இருந்தது, அந்தக் கொண்டைக்குருவிக் கூட்டைப் பார்க்கும் வரைக்கும்.

செம்பருத்திக்குள்ளே கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டி, குஞ்சு பொரித்திருந்தது. காலையில் துணி உலர்த்தும்போது அந்தக் கீச் கீச் சத்தம் கேட்பது எனக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் சத்தம் இல்லை. தாய்க்குருவி மட்டும் மதில்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. கிளையை விலக்கிப் பார்த்தேன். இறகு முளைக்காத குஞ்சுகள். அவற்றின் மூடிய கண்மேலெல்லாம் மஞ்சள் எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் நடு அறையில் தூளி கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டி வைத்திருந்தோம். முந்தின நாள்தான் அந்தக் கொக்கியில் இரண்டு எறும்பு ஓடியதைப் பார்த்து, ‘சீ, போ’ என்று தட்டிவிட்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் நான் நிஜமாகப் பயந்தேன். இத்தனை வருஷம் காத்திருந்து ஒரு பிள்ளை வரப் போகிறது. தன் கண்மேல் ஊர்வதைத் தட்டிவிடக்கூடத் தெரியாத பிள்ளை. மகள் வருவதற்குள் இந்த வீட்டில் ஒரு எறும்பு இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

உரக்கடைக்காரரிடம் கேட்டேன். “இது நம்மூரு எறும்பு இல்லம்மா. வெளிநாட்டுலருந்து வந்தது. மேல தெளிச்சா தெளிச்சதுதான் சாவும், புத்துல ராணி எறும்பு மறுபடியும் பெத்துப் போட்டுகினே இருக்கும்” என்றார். ராணியே சாக என்ன வழி என்பதைச் சொல்லித் தந்தது எதிர்வீட்டு அக்கா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், வாயைத் திறந்தால் கேலி. “ஏம்மா, உங்க சாமி மயில் வளக்கறாரே, ஒண்ணு கேட்டு வாங்கினு வந்து தோட்டத்துல வுட்டா எறும்பெல்லாம் தின்னுடாதா?” என்று சிரித்துவிட்டு, வீட்டுக்குள்ளே போய், மகன்கள் கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடரைக் கொண்டு வந்து கொடுத்தார். சர்க்கரைப் பாகில் அதைக் கொஞ்சூண்டு கலக்க வேண்டும். அதிகம் கலந்தால் எறும்பு அங்கேயே செத்துவிடும், கூட்டுக்குக் கொண்டு போகாது. கொஞ்சம் கலந்தால் தித்திப்பு என்று நம்பித் தூக்கிக்கொண்டு போய் ராணிக்கே ஊட்டும். “பொறுமையா இரு. பக்கத்துல வேற தித்திப்பு எதுவும் இருக்கக் கூடாது. அதுதான் முக்கியம்” என்றார் அக்கா.

சோடா மூடிகளில் பாகை ஊற்றி, கோழி மேய வராத இடமாய்ப் பார்த்து, செம்பருத்தி அடியிலும் மணல் ஓரத்திலும் வைத்தேன். வீட்டுக்குள்ளே சர்க்கரை டப்பா, வெல்லம், பழத்தோல் எல்லாவற்றையும் மூடிப் பூட்டினேன். டீ குடித்த டம்ளரை வைத்த இடத்தில் வைத்தால் என் வீட்டுக்காரருக்கு அர்ச்சனை நடந்தது. செம்பருத்திக்குச் சோப்புத் தண்ணீர் அடித்து மாவுப்பூச்சியைக் கழுவினேன். எறும்புகள் மூடியைச் சுற்றி வட்டமாய் நின்று குடித்தன. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. குறைய ஆரம்பித்தன.

ஆனால் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. வாரம் முழுக்கக் குடிக்கும். சனிக்கிழமை வந்தால் என் மூடியைத் திரும்பிப் பார்க்காது. ஞாயிறும் அப்படித்தான். திங்கள், செவ்வாயில் தளதளவென்று தேறி, புதுப் பலத்தோடு வரும். என் வைத்தியம் ஒரு அடி ஏறினால் இரண்டடி சறுக்கியது. “உங்க எறும்பு சனிக்கெழம வெரதம் போல” என்றார் எதிர்வீட்டு அக்கா.

அந்தச் சனிக்கிழமை நான் பால் வாங்கப் போய், கடை திறக்காததால் சீக்கிரமே திரும்பி வந்தேன். அப்போதுதான் விடிந்து, மலைமேல் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்திருந்தது. தோட்டத்தில் யாரோ பேசுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் குளித்து, ஈர வேட்டியோடு, நெற்றி நிறைய விபூதியோடு செம்பருத்தி அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முட்டி வலி என்று தரையில் உட்கார்ந்து சாப்பிடாத மனுஷன். கையில் எவர்சில்வர் கிண்ணம். அதிலிருந்து வெள்ளையாய் எதையோ கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

“ஏறு, ஏறு, ஏறு. உள்ள போ. எல்லாம் முன்னாடியே நின்னா எப்படி? பின்னாடி எடம் காலியா கீதே. தள்ளாத, தள்ளாத, எல்லாருக்கும் இருக்குது.”

மஞ்சள் எறும்புகள் கூட்டம் கூட்டமாய் வந்து மாவை மொய்த்தன. ஒரு முழம் தள்ளி என் சோடா மூடி நாதியற்றுக் கிடந்தது. எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கத்தத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கூப்பி, கண்டக்டர் குரலை விட்டு வேறு ஒரு குரலில், “எம் பொண்ண பாத்துக்கங்கப்பா. இந்த வாட்டி நல்லபடியா எறக்கி வுட்ருங்க” என்றார்.

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் எவ்வளவு நேரம் மூட முடியும்?

“இன்னாங்க பண்றீங்க?”

திடுக்கிட்டுக் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். “ஒண்ணுமில்ல. கோலம்.”

“கோலமா? எந்த ஊர்ல ஆம்பள செம்பருத்திக்குக் கோலம் போடறான்?”

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. இரண்டாவது தடவையும் தங்காமல் போனபோது, எனக்குச் சொல்லாமல் கடைத்தெரு ஜோசியரிடம் போயிருக்கிறார். சனி பார்வை என்று அவர் சொல்லி, சனிக்கிழமை தோறும் பச்சரிசி மாவில் சர்க்கரை கலந்து எறும்புக்குப் போடு, பிள்ளை பிறந்து சத்தம் கேட்கும் வரை நிறுத்தாதே, வெளியில் சொல்லாதே என்றிருக்கிறார். இவர் போட ஆரம்பித்த சில மாதத்தில் மகள் உண்டாகிவிட்டாள். அப்புறம் இவரை யார் நிறுத்த முடியும்? முதலில் பிள்ளையார் எறும்புகள்தான் தின்றிருக்கின்றன. மணல் வந்த பிறகு மஞ்சள் எறும்பு பந்தியில் உட்கார்ந்துவிட்டது. நான் வாரம் முழுக்கப் பட்டினி போட்டு மருந்து வைத்தால், இவர் சனிக்கிழமை விருந்து வைத்து எழுப்பி அனுப்பியிருக்கிறார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவார்கள் என்பார்கள். எங்கள் வீட்டில் கிள்ள ஒரு ஆள், ஆட்ட ஒரு ஆள்.

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. எல்லாவற்றையும் விட, இந்த மனுஷன் இவ்வளவு நாள் இதைத் தனியாய்ச் சுமந்திருக்கிறாரே என்றுதான் தோன்றியது. மகளுக்கு இரண்டாவது தடவை போனபோது, “விதி, இன்னா பண்றது” என்று சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தவர்தான் இவர். கல்நெஞ்சு என்று அன்றைக்கு மனசுக்குள் திட்டியிருந்தேன். அதற்காக அவரைச் சும்மா விட்டுவிட முடியுமா?

“ஏங்க, ஜோசியர் நம்மூரு எறும்புக்குப் போடச் சொன்னாரா, வெளிநாட்டு எறும்புக்குப் போடச் சொன்னாரா?”

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அதை அவர் யோசித்ததே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே ஜோசியரிடம் போனார். மத்தியானம் தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார்.

“இன்னா சொன்னாரு?”

“சனீஸ்வரனுக்கு எல்லா எறும்பும் ஒண்ணுதானாம்.”

“அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிக் கீது?”

“ஊருக்கு வெளிய மரத்தடியில போடச் சொன்னனே, உன்ன எவன் வூட்டாண்ட போடச் சொன்னான்னு கேட்டாரு.”

முட்டி வலியென்று, மரத்தடி விதியை இவர் செம்பருத்தியடி விதியாய்ச் சுருக்கிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து ஐயா டிபன் பாக்ஸில் மாவைப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, கே.ஜி.கண்டிகைப் பக்கம் சாலையோரத்துப் புளியமரத்துக்குப் போக ஆரம்பித்தார். அங்கே டீக்கடையில் அவருக்கு ‘எறும்பு கண்டக்டர்’ என்று பெயரே வைத்துவிட்டார்களாம். அதைப் பெருமையாய் வேறு வந்து சொன்னார். “அங்க எல்லாம் நம்ம சாதி எறும்பும்மே. எவ்ளோ மரியாதையா லைன்ல வருது தெரியுமா?”

ஆனால் என் சோடா மூடி விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாய் ஆரம்பித்தார்.

“பிள்ளத்தாச்சி இருக்கற வூட்ல உசுரக் கொல்லக் கூடாதும்மே. நான் ஒரு பக்கம் போட்டுகினு வரேன், நீ ஒரு பக்கம் கொன்னுகினு இருந்தா அந்தப் புண்ணியம் எங்க நிக்கும்?”

“பிள்ளத்தாச்சி இன்னும் இந்த வூட்டுக்கு வரலியே. அவ புருஷன் வூட்லதான கீறா? அவ வாசப்படி மிதிக்கறதுக்குள்ள நான் முடிச்சிடறேன்.”

அவர் மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு எழுந்துவிட்டார். எனக்கே என் பதில் பெரிய சாமர்த்தியமாய்த் தோன்றியது. உண்மையில் அந்த வாரங்களில் எறும்பு நன்றாய்க் குறைந்தது. போட்டிக்கு வேறு தித்திப்பு இல்லாததால் என் பாகுதான் கதி என்று குடித்துவிட்டுப் போயின. கொத்தனாரும் ஒருவழியாய் ஆர்.கே.பேட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தார். மணல் கரைந்து பாத்ரூம் ஆனது. நான் தையல் மெஷினைத் திறந்து பார்த்தேன், சுத்தமாய் இருந்தது. செம்பருத்தி புதுக் கொழுந்து விட்டது.

மகள் வந்தாள். கை நிறைய வளையல், வயிறு முன்னால், மூச்சு பின்னால். கதையெல்லாம் கேட்டு, கட்டிலில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தாள். “நைனா சோறு போடறாரு, நீ மருந்து வெக்கற. பாவம், அந்த எறும்பு எந்தக் கட்சில சேரும்மா?”

நானும் சிரித்தேன். ஆனால் அவள் வந்த மறுநாளே உத்தரத்தில் அந்தக் கொக்கிக்குப் பக்கத்தில் மூன்று நான்கு மஞ்சள் எறும்புகளைப் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான், குருவிக் கூடு கண்முன் வந்து நின்றது. அவளுடைய கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வைத்தேன். அப்புறம் யாருக்கும் தெரியாமல் மறுபடியும் பாகு காய்ச்சினேன். சோடா மூடிகளைப் பாத்ரூமுக்குப் பின்னால் ஓடு மறைவில் ஒளித்து வைத்தேன். வாசற்படி மிதித்த பிறகு கொல்ல மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லையே, முடித்துவிடுகிறேன் என்றுதானே சொன்னேன் என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கும்போது மட்டும் வக்கீலுக்கு நாக்கு உலர்ந்தது. கடைசியில் உத்தரம் சுத்தமாயிற்று. தேடிப் பார்த்தாலும் ஒன்றும் கண்ணில் படவில்லை.

வலி எடுத்தது ஒரு சனிக்கிழமை விடியற்காலையில். ஆட்டோ வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெயில் ஏறுகிறவரைக்கும் “ஆயிடும், ஆயிடும்” என்றார்கள். அப்புறம் ஒரு டாக்டரம்மா வெளியே வந்தார். சின்னப் பெண்தான், ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. “குழந்தையோட இதயத் துடிப்பு குறையுது. உடனே ஆபரேஷன் பண்ணணும். ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க” என்றார். என் வீட்டுக்காரர் ரத்தத்துக்கு ஓடினார். மாப்பிள்ளை வேலூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். கதவைச் சாத்தினார்கள். நான் தனியாய் அந்தப் பச்சைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இன்றைக்குச் சனிக்கிழமை. அவர் மாவு போடவில்லை.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், அந்த நிமிஷம் வரைக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இத்தனை சனிக்கிழமை விடாமல் போட்ட மனுஷனுக்கு இன்றைக்குப் பார்த்து விட்டுப்போயிற்று. அது மட்டுமா? அவர் போட்டதெல்லாம் ஒரு பக்கம், நான் கொன்றது ஒரு பக்கம். ஓட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேனே. அவள் அதே வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது வைத்தேனே.

கேட்டுக்கு வெளியே டீக்கடையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் வாங்கினேன். உள்ளே வந்து சுவரோரமாய் உட்கார்ந்து பொடி செய்து போட்டேன். எறும்பு இல்லை. நன்றாய்ப் பார்த்தால், கட்டடத்தைச் சுற்றிச் சுவர் ஓரமெல்லாம் வெள்ளையாய் மருந்துப்பொடி தூவி வைத்திருக்கிறார்கள். என்னைப் போல ஒரு புண்ணியவதி அங்கேயும் இருந்திருக்கிறாள். எழுந்து ஓடினேன். தண்ணீர்த் தொட்டி அடியில் பார்த்தேன், இல்லை. படிக்கட்டு சந்தில் இல்லை. செருப்பு விடுகிற இடத்தில் இல்லை. மாதக்கணக்கில் திரும்பிய பக்கமெல்லாம் எறும்பைப் பார்த்து வயிறெரிந்தவள் நான். எனக்கு வேண்டும் என்கிறபோது ஊரில் ஒரு எறும்பு இல்லை. வாட்ச்மேன் வந்து, “இன்னாம்மா, இன்னா தொலச்சிட்ட?” என்று கேட்டார். எறும்பு என்று சொல்ல முடியுமா? “மோதிரம்” என்றேன். நல்ல மனுஷன், அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார்.

பைக் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். அதன் வேரில் ஒன்றே ஒன்று, செவ்வெறும்பு, எங்கேயோ அவசரமாய்ப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பிஸ்கட் தூளைக் கொட்டினேன். கொட்டிய அவசரத்தில் பாதி அதன் மேலேயே விழுந்தது. அது ஒதுங்கியது, திரும்பியது, மீசையால் தடவிப் பார்த்தது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் மண்டியிட்டேன்.

“தின்னும்மா. உன் சனத்தையெல்லாம் கூட்டிகினு வா. இன்னும் வாங்கினு வரேன். நான் கொன்னதெல்லாம் எந்தலையில விழட்டும். எத்தினி ஜென்மம் ஆனாலும் நான் அனுபவிச்சுக்கறேன். அவ மேல வாணாம். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அந்தக் கொழந்தைக்கு ஒண்ணும் தெரியாது.”

அந்த எறும்பு ஒரு துணுக்கைத் தூக்கிக்கொண்டு வேருக்குள்ளே போனது. நான் அழுதுகொண்டே பொட்டலத்தில் மிச்சம் இருந்ததைப் பொடி செய்தேன். எவ்வளவு நேரம் அங்கேயே இருந்தேன் என்று தெரியாது.

“ஏம்மே! ஏய்! எங்க பூட்ட?”

வராந்தாவிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடி வந்துகொண்டிருந்தார். முட்டி வலி எங்கே போயிற்றோ. வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம். “பொண்ணும்மே! பொண்ணு! நல்லா கத்துது! அவளும் நல்லா கீறா!” என்று கத்திக்கொண்டே வந்தவர், என் கையிலிருந்த பொட்டலத்தையும் மரத்தடியையும் பார்த்தார். என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவரைக் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். வாசலில் நர்ஸம்மா கையை நீட்டித் தடுத்தார். “ஏம்மா, இன்னா இது? கால் பூரா எறும்பு! இப்படியேவா கொழந்தையத் தொடப் போற? போ, போய் கால கழுவினு வா.”

குனிந்து பார்த்தேன். முழங்கால் வரைக்கும் சிவப்பாய் ஊர்ந்துகொண்டிருந்தது. சனம் மொத்தமும் வந்திருக்கிறது. அது கடித்த கடி எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

குழாயைத் திறக்கவில்லை. மறுபடியும் அந்த வேப்பமரத்துக்குப் போய், ஒவ்வொன்றாய் விரலில் எடுத்து வேரில் விட்டுவிட்டு, அப்புறம்தான் கால் கழுவிக்கொண்டு பேத்தியைப் பார்க்கப் போனேன்.